ஒரு நம்பர் பெரிய செருப்பு

அளவுக்காரருக்குத் தன் மனைவி முதலில் காலாகத்தான் அறிமுகமானாள். முகமெல்லாம் பிறகு வந்தது.

கடைத்தெரு முனையில் இருந்த செருப்புக் கடையில் அவருக்கு வேலை. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காலைத் தன் முட்டிமேல் எடுத்து வைத்து, உள்ளங்கையால் குதிகாலைப் பிடித்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். இன்ன நம்பர், எந்தக் கால் பெரிது, எந்த விரலில் ஆணி வரப்போகிறது, எல்லாம் சொல்லிவிடுவார். கடையில் அளவுப் பலகை என்று ஒன்று இருந்தது. அதை அவர் டீ டம்ளர் வைக்கத்தான் எடுப்பார். ஒருமுறை போலீஸ்காரர்கள் திருடன் விட்டுப்போன ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து காட்ட, அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருடனின் உயரம், எடை, அவன் மாமியார் வீடு இருக்கும் தெரு வரைக்கும் சொன்னதாக எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அதில் மாமியார் வீடு மட்டும் நான் சேர்த்தது.

அந்தப் பெண் ஒரு நாள் கடைக்கு வந்து காலை நீட்டினாள்.

"ஆறாம் நம்பர்" என்றார்.

"அஞ்சு" என்றாள்.

"ஆறும்மா."

"எங்க அம்மா சின்ன வயசுலேர்ந்து அஞ்சுதான் வாங்கித் தர்றாங்க."

"அப்போ அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் தப்பாத்தான் இருக்கும், சேத்து அளந்துடலாம்."

கோபத்தில் ஐந்தாம் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். மறுவாரம் கொப்புளத்தோடு வந்து ஆறாக மாற்றிக்கொண்டாள். அதற்கும் அடுத்த வாரம் வார் உரசுகிறது என்று வந்தாள். எந்த வாரும் உரசவில்லை. இந்தக் காலுக்கு என்னதான் கேடு என்று கேட்கத் தலையைத் தூக்கினார் பாருங்கள், அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். "அதுக்கப்புறம் அளக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று எங்களிடம் சொல்வார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு 'ஆறு' என்றுதான் பெயர். "ஆறு, தண்ணி கொண்டா." "ஆறு, என் கண்ணாடி எங்கே?" அவள் அவரை "ஏங்க" என்பாள், கோபம் வந்தால் "கடைக்காரரே" என்பாள்.

பிள்ளை இல்லை. அவளுடைய தம்பியைத்தான் இருவரும் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் வண்டி மெதுவாகப் போகும், வாய் மட்டும் வேகமாகப் போகும்.

அளவுக்காரருக்குக் கண் இரண்டு இருந்தாலும் வேலை செய்தது ஒன்றுதான். வலது கண் பிறவியிலேயே மந்தம். நிறம் தெரியும், அசைவது தெரியும், ஆள் வருவது தெரியும். ஆள் யார் என்று தெரியாது. "வேலைக்கு வராமலே சம்பளம் வாங்கற கண்ணு இது" என்பார். இடது கண்தான் வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து உழைத்தது. அந்தக் கண்ணில்தான் ஒரு நாள் ஓரத்தில் மின்னல் அடித்தது. மழைதான் வரப்போகிறது என்று குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். மழை வரவில்லை. மறுநாள் கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. காலை அளப்பதை விட்டுவிட்டுக் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் மறுநாள் கடைக்குள் நின்றுகொண்டு முதலாளியிடம் சண்டை பிடித்தார்.

"பட்டப்பகல்ல ஷட்டரைப் பாதி இறக்கி வெச்சா வியாபாரம் எப்படிங்க நடக்கும்?"

முதலாளி ஷட்டரைப் பார்த்தார். முழுசாக ஏற்றித்தான் இருந்தது.

ஷட்டர் அவர் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவிதான் கையைப் பிடித்துக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு தடவை நின்றாள். தன் கண்ணுக்காகத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, "வா வா, எனக்குப் படி தெரியுது" என்றார் அவர். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு, "தெரியுதில்ல, ஏறுங்க, வர்றேன்" என்றாள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு காகிதத்தில் வட்டம் போட்டாள். "இதுதான் கண்ணு. உள்பக்கச் சுவத்துல காகிதம் ஒட்டின மாதிரி ஒரு படலம் இருக்கு, விழித்திரை. அதுல கிழிசல் விழுந்து, தண்ணி உள்ளே போயி, உரிஞ்சு வந்துட்டிருக்கு. நடுப்பகுதி உரியறதுக்குள்ள ஒட்டணும்."

"லேசர் போட்டுக் கண்ணாடியே இல்லாமப் பண்றாங்களாமே, அது முடியாதா?" என்றார் அளவுக்காரர்.

"அது முன்பக்கம் கருவிழியைச் செதுக்கற வேலை. உங்களுக்குப் பின்பக்கம்."

"புரை எடுத்து லென்ஸ் வெக்கிறது?"

"அதுவும் முன்பக்கம்தான்."

"செத்தவங்க கண்ணை எடுத்து வெக்கிறாங்களே..."

"அதுவும் கருவிழிதாங்க. பின்னாடி இருக்கறதை மாத்தறதுக்கு வழியே இல்லை. இருக்கறதை ஒட்டத்தான் முடியும்." டாக்டரம்மா மூன்று விரலை நீட்டினாள். கண்ணைச் சுற்றி வெளியே ஒரு பட்டை கட்டி இறுக்குவது ஒரு வழி. இவருடைய கிழிசல் இருக்கும் இடத்துக்கு அது போதாது. கண்ணுக்குள்ளே எண்ணெய் விட்டு அழுத்துவது இன்னொரு வழி. அதில் படுக்க, நடக்கக் கட்டுப்பாடு கொஞ்சம் குறைவு, ஆனால் சில மாதம் கழித்து எண்ணெயை எடுக்க மறுபடி ஆபரேஷன். கடைசி வழி, எண்ணெய்க்குப் பதில் காற்றுக் குமிழி. அது தானாகக் கரைந்துவிடும், திரும்ப வெட்ட வேண்டாம். "ஆனா காத்து மேலேதான் ஏறும். நீங்க முகத்தைக் கவுத்துக்கிட்டு இருந்தாத்தான் அது பின்பக்கம் போய் அழுத்தும். ரெண்டு வாரம் ராத்திரி பகல் குனிஞ்சே இருக்கணும். நிமிர்ந்தீங்கன்னா ஒட்டினது மறுபடி உரியலாம். உங்களுக்கு இருக்கறது இந்த ஒரு கண்ணு."

"எண்ணெயே விடுங்க டாக்டரம்மா" என்றார் அளவுக்காரர். "கடைக்குச் சீக்கிரம் போகலாம்."

மனைவி கேட்டாள்: "எண்ணெயை எடுக்கறதுக்கு எப்ப வரணும்னு சொன்னீங்க?"

"மூணு மாசம், நாலு மாசம் கழிச்சு."

அவள் அந்த மாதங்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "காத்தே வெச்சுடுங்க. ஒரே தடவையில முடியட்டும்."

"தலைகீழாத் தொங்கப்போறது நான் ஆறு, நீ இல்லை."

"காலம் பூரா குனிஞ்சுதானே சம்பாதிச்சீங்க கடைக்காரரே? இன்னும் ரெண்டு வாரம் குனியுங்க. குறைஞ்சு போயிட மாட்டீங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அப்படித்தான் அது முடிவானது.

ஆபரேஷன் நன்றாக முடிந்து, முகம் கவிழ்ந்தபடியே டாக்ஸியில் வீடு வந்தார். மைத்துனன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றி, துண்டை வட்டமாகச் சுருட்டி வைத்தான். அதில் நெற்றியையும் தாடையையும் பதித்துக்கொண்டால் முகம் கட்டிலுக்கு வெளியே தொங்கும். பார்வை நேரே தரைக்கு. சாப்பாட்டுத் தட்டு தரையில். தண்ணீர் உறிஞ்சுகுழாயில். நடக்க வேண்டுமானால் தாடை மார்பில் ஒட்ட நடந்தார். சுவரில் முட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

பார்க்க வந்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கையாகப் போயிற்று. குமிழி வைத்த கண்ணில் எல்லாம் தண்ணீருக்கடியில் கிடப்பது மாதிரி குழைந்து தெரிந்தது. மந்தக் கண்ணில் நிறமும் அசைவும் மட்டும். ஆனாலும் வந்தவர் வாய் திறப்பதற்கு முன்னால் யார் என்று சொல்லிவிடுவார். நானும் பழம் வாங்கிக்கொண்டு போனேன். சத்தம் காட்டாமல் பூனை மாதிரி போய்த்தான் நின்றேன்.

"அக்கா, வாங்க. போன வருஷம் வாங்கினதை இன்னுமா போட்டுட்டிருக்கீங்க? கடைக்கு நஷ்டம்."

"தலைகீழாத் தொங்கறப்பவும் வியாபாரம்தானா உனக்கு?"

"தொங்கினாத்தான்க்கா உங்க காலுக்கு நேரா இருக்கேன்."

எல்லாருடைய காலும் அவருக்குக் கிடைத்தது. முகம் மட்டும் யாருடையதும் கிடைக்கவில்லை. அதற்கும் அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலை முடிந்ததும் கட்டிலுக்கடியில் பாயை விரித்து, அவர் முகத்துக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொள்வாள். அவர் மேலிருந்து பார்ப்பார், அவள் கீழிருந்து பேசுவாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

"என்ன தெரியுது?"

"கொழகொழன்னு ஒரு நிலா. நடுவுல வாய் மட்டும் ஓயாம ஆடுது."

"நிலாவுக்கு வாய் இருந்தா உங்க மாதிரி ஆளுங்களைக் கண்டபடி திட்டும்."

ஒரு நாள் கண்ணில் மருந்து விடும்போது அவள் கை அவர் முகத்துக்கு மிக அருகே வந்தது. சட்டென்று அந்தக் கை துல்லியமாகத் தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்த மாதிரி ரேகை ரேகையாக, வெங்காயம் நறுக்கின கத்தியின் கீறல்கூட. அளவுக்காரர் கூவியே விட்டார். டாக்டரம்மாவிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, குமிழி இருக்கும்போது மூக்கை ஒட்டி வைத்தால் அப்படித் தெரியும், கொஞ்சம் தள்ளினால் போய்விடும் என்றாள்.

"முகத்தைக் கிட்ட கொண்டா ஆறு."

"ஐயே. இந்த வயசுல."

"மருந்துக்குத்தான் கேக்கறேன்."

அவள் பாயிலிருந்து எழும்பி, முழங்கையை ஊன்றி, முகத்தை அவர் கண்ணோடு ஒட்டினாற்போல் கொண்டுவந்தாள். அவருக்குத் தெரிந்தது ஒரு புருவம். ஒரே ஒரு புருவம், இடது பக்கத்தது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நின்றது. அதில் வெள்ளை எத்தனை என்று எண்ண ஆரம்பித்ததும் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். புருவம் கரைந்து மறுபடி நிலா.

"மிச்சத்தைக் காட்டுடி."

"நிமிர்ந்ததும் முழுசாப் பாத்துக்கோங்க. எங்கே ஓடிப்போகப் போறேன்?"

அந்த வாரம் முடிவதற்குள் அவள் பாய் விரிப்பதை நிறுத்திவிட்டாள்.

தரை சில்லென்று இருக்கிறது என்றாள். சரி, கம்பளியை விரி என்றார். முதுகு பிடிக்கிறது என்றாள். கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இப்போது அவருக்கு அவளிடமிருந்தும் கால்தான் கிடைத்தது. குரல் எங்கோ உயரத்திலிருந்து வந்தது. பேச்சும் குறைந்தது; ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூச்சு கேட்டது. படுக்கையை விட்டு நாற்காலியிலேயே தூங்கினாள். அவருக்கு மனதுக்குள் ஒரு குறை. என்னோடு கிடந்து கிடந்து அலுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார். கேட்கவும் செய்தார்.

"அலுத்துடுச்சா ஆறு?"

"ஆமா. வேற மாப்பிள்ளை பாத்துட்டிருக்கேன். நிமிர்ந்து நடக்கற ஆளா."

இனி இதை மறைத்து வைத்துக்கொண்டு கதை சொல்வதில் எனக்கு ருசி இல்லை. அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறின மாதிரி மூச்சு முட்டியது. இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி வெகுநாளாயிற்று. அவர் கண்ணில் மின்னல் அடிப்பதற்கு முன்பே ஒரு நாள் தம்பியின் டாக்ஸியில் போய்க் காட்டியிருந்தாள். உடனே சேர்ந்து நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நாள் சொல்ல முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ஷட்டர் இறங்கியது. ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நோயாளியாக இருக்க முடியும் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். உடம்பு நீரை இறக்கக் கொடுத்த மாத்திரை அடிக்கடி ஓடவைக்கிறது, அவருக்கு மருந்து விடும் நேரம் தவறுகிறது என்று அதையும் நிறுத்தியிருந்தாள். தம்பியிடம், "அவர் தலை நிமிர்ற வரைக்கும் வாயைத் திறந்தே, அக்கா செத்துட்டான்னு நெனச்சுக்கோ" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். ஊரிலேயே அதிகம் பேசுகிறவன் அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை.

அளவுக்காரருக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் கால் தெரியுமே. காலில் அவர் தவறுவாரா?

தவறவில்லை. வீட்டுக்குள்ளும் அவள் போட்டுக்கொள்ளும் சிவப்பு வார்ச் செருப்பு தரையில் முன்போல் பட் பட்டென்று அடிக்காமல் இழுபடுவதைக் கேட்டார். "ஆறு, காலை இங்கே நீட்டு" என்றார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி நீட்ட, கட்டிலிலிருந்து தொங்கின கையால் குதிகாலைப் பிடித்தார். புறங்காலில் வார் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்தது. குழி எழும்பி வரவில்லை.

"அடியே! நீ இப்போ ஆறு இல்லைடி. ஏழு!"

சொல்லும்போது குரலில் என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! படுத்த நாளிலிருந்து தன்னால் யாருக்கும் ஓர் உபயோகமும் இல்லை என்று குமைந்துகொண்டிருந்த மனிதர். கடைசியில் அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று வீடு தேடி வந்துவிட்டது. "நாள் பூரா எனக்காக நிக்கிறியே, அதான் வீங்கியிருக்கு. கடையில எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், சாயங்காலக் காலுக்கு ஒரு நம்பர் பெருசாப் போடணும்னு!"

"ஆமாங்க" என்றாள் அவள். "நிக்கிறதுதான்."

மைத்துனனைக் கடைக்கு அனுப்பி ஏழாம் நம்பரை வரவழைத்தார். மெத்தென்ற அடிப்பாகம், அகல வார், முதலாளிக்குக் கூடப் போட மனசு வராத ஜாதி. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தன் கையால் அவளுக்குப் போட்டுவிட்டார். "எப்படி இருக்கு?" "சொர்க்கமா இருக்கு." நாலு நாள் அது தாங்கியது. பிறகு அதிலும் வார் பதிந்தது. அளவுக்காரர் மறுபடி அழுத்திப் பார்த்தார். குழி கணுக்கால் தாண்டி மேலே ஏறியிருந்தது.

"எட்டு!" என்றார். "என்னை மிஞ்சிடுவே போலிருக்கே. மாப்ளே, ஓடு, எட்டாம் நம்பர்."

மைத்துனன் அந்தச் செருப்புப் பெட்டியை டாக்ஸியில் வைத்துக்கொண்டு தெருமுனையில் வண்டியை நிறுத்தி அழுதிருக்கிறான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைக் கொடுத்தான். "அத்தான், கலர் கறுப்புதான் இருந்துச்சு" என்றான்.

எட்டாம் நம்பரை அவள் ஒரே ஒரு நாள்தான் போட்டாள். மதியம் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போன சத்தம் கேட்டது. தட்டு விழுந்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

அளவுக்காரர் தாடை மார்பில் ஒட்டியபடியே ஓடினார். சமையலறை நிலைப்படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைத் தாண்டி அவள் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் நிமிர்ந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சுக்கு நடுவே முதலில் அதைத்தான் சொன்னாள்.

"தலையைத் தூக்காதீங்க."

டாக்ஸியில் அவள் முன்சீட்டில் சாய்ந்து உட்கார, பின்சீட்டில் அவர் முட்டிக்குள் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியில்தான் மைத்துனன் எல்லாவற்றையும் கொட்டினான். வால்வு, மாத்திரை, சத்தியம், எல்லாம்.

"டேய்" என்றார் கடைசியில், கால் மிதியைப் பார்த்தபடி. "நான் செருப்பு மாத்திக் குடுத்துட்டிருந்தேனேடா."

"அத்தான்..."

"அழுத்திப் பாத்தேன்டா. குழி விழுந்துச்சுடா. நான் நம்பர் சொன்னேன்."

மருத்துவமனையில் அவளைப் படுக்க வைக்கவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டி, உட்கார வைத்திருந்தார்கள். இப்போது நெஞ்சைத் திறக்கிற நிலை தாண்டிவிட்டது, மருந்தில் தண்ணீர் இறங்கினால் பார்க்கலாம் என்றார்கள். இறங்கவில்லை. அவள் முகம் அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அவர் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நெற்றியை மெத்தை விளிம்பில் வைத்து, இரண்டு கையாலும் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். கடையில் உட்கார்வது மாதிரியேதான் இருந்தது.

நர்ஸ் ஒருத்தி வந்து, "ஐயா, நிமிர்ந்து உக்காருங்க, மனசை விட்டுடாதீங்க" என்றாள்.

"அவர் நிமிரக் கூடாதும்மா" என்று மேலிருந்து குரல் வந்தது. "கண்ணுல காத்து வெச்சிருக்கு."

நர்ஸ் போனதும் அவர் சொன்னார்: "ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பாத்துக்கறேன் ஆறு. ஒரு நிமிஷம்."

"பாத்தா என்ன தெரியும்? நிலாதானே தெரியும்."

"நிலாவே போதும்."

"போதாது." மூச்சு வாங்கினாள். "இன்னும் கொஞ்ச நாள். முழுசா ஒட்டட்டும். இதுக்குன்னு நான் பட்டதெல்லாம் வீணாக்கிடாதீங்க கடைக்காரரே."

"ஒட்டினப்புறம் நீ இருப்பியா?"

அவள் அவர் உள்ளங்கைக்குள் கால்விரல்களை மட்டும் ஒருமுறை மடக்கி விரித்தாள்.

மறுநாள் காலை, ஜன்னல் வெளிச்சம் மெத்தை விளிம்புக்கு வந்த நேரத்தில், அந்த விரல்கள் அவர் கைக்குள்ளேயே அடங்கின. மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவர் குதிகாலைப் பிடித்துத் தெரிந்துகொண்டார். அப்போதும் நிமிரவில்லை. அவள் கேட்டது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்து, "ஐயோ, மனுஷன் தலையே தூக்கலையே, அப்படி இடிஞ்சு போயிட்டாரே" என்று அழுதார்கள். யாருக்கும் யாரும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது.

கூடத்தில் அவளைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். இத்தனை நாளுக்குப் பிறகு மூச்சு முட்டாமல் மல்லாந்து படுத்திருந்தாள். அளவுக்காரர் முழங்காலிட்டு, கையூன்றி, அவள் முகத்துக்கு நேர் மேலே குனிந்தார். கட்டிலும் பாயும் இருந்த நாட்களில் இருந்த அதே இடம். நிலா தெரிந்தது. இன்னும் குனிந்தார், மூக்கு உரசும் வரைக்கும். புருவம் வந்தது. வெள்ளை மயிர்களை எண்ணி முடித்தார். இந்தத் தடவை யாரும் தலையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு மெல்ல நகர்ந்தார். மூடின இமை. மூக்கோரத்து மச்சம். உதட்டில் பல் பதிந்த கோடு. காதுமடல், அதில் தூர்ந்துபோன ஒரு துளை. துண்டு துண்டாக, ஓர் இடம் விடாமல், தரையில் தொலைந்த எதையோ தேடுகிறவர் மாதிரி முழு முகத்தையும் பார்த்துக்கொண்டு போனார். ஒரு துண்டு வரும்போது முந்தின துண்டு போய்விட்டது.

பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் மைத்துனன் தோளைத் தொட்டான். "அத்தான், கொஞ்சம் பின்னாடி வந்து முழுசாப் பாருங்க."

"பின்னாடி வந்தா கலைஞ்சு போறாடா" என்றார்.

மிச்ச நாட்களையும் அவர் குனிந்தே முடித்தார். மைத்துனன் மருந்து விட்டான். கட்டிலுக்கடியில் யாரும் பாய் விரிக்கவில்லை. பிறகு டாக்டரம்மா நிமிரச் சொன்னாள். குமிழி நாளுக்கு நாள் கரைந்தது. டம்ளரில் தண்ணீர் வற்றுவது மாதிரி ஒரு கோடு தெரிந்து, அதற்கு மேலே உள்ளதெல்லாம் முதலில் தெளிந்தது. கோடு கீழே இறங்க இறங்கத் தெளிவும் இறங்கியது. எல்லாருடைய முகமும் முதலில் வந்து, கால் கடைசியில் வந்தது. கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் படித்துவிட்டார். டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி. "இவ்வளவு ஒழுங்காக் குனிஞ்சிருந்தவங்களை நான் பாத்ததே இல்லை. கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்குத்தான் சொல்லணும். அவங்க வரலையா?"

அவர் எதிரே தெளிவாகத் தெரிந்த டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன்தான் பதில் சொன்னான்.

கடைக்குத் திரும்பினார். அதே ஸ்டூல். முதலாளி ஆதரவாக, போடாத மாதிரியே இருக்கும் எட்டாம் நம்பரைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. பழையபடி பேச்சு இல்லை. காலைப் பிடித்து நம்பரைச் சொல்லி எடுத்துக்கொடுப்பதோடு சரி.

ஒரு நாள் பழக்கமான வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். மூச்சு வாங்க உட்கார்ந்து காலை நீட்டினாள். "அண்ணே, இப்பல்லாம் எதைப் போட்டாலும் இறுக்குது. வழக்கம் போல வேண்டாம், ஒரு நம்பர் பெருசாக் குடுங்க."

அளவுக்காரர் குதிகாலைப் பிடித்தார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். எடுத்தார். குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"ராத்திரி மல்லாந்து படுக்க முடியுதாம்மா?"

"அதை ஏண்ணே கேக்கறீங்க? நாலு தலைகாணி வெச்சு உக்காந்துதான் தூங்கறேன். செருப்புக்கும் அதுக்கும் என்ன?"

முதலாளி அதற்குள் ஒரு நம்பர் பெரிய ஜோடியைப் பெட்டியோடு எடுத்து நீட்டிவிட்டார். அளவுக்காரர் அதை வாங்கவில்லை. அவள் பழைய செருப்பையே எடுத்து, வாரைத் தளர்த்தி, அவள் காலில் மாட்டிவிட்டார்.

"இந்தக் காலுக்கு என்கிட்ட செருப்பு இல்லைம்மா" என்றார். "எழுந்திரு. வெளியே என் மைத்துனன் வண்டி நிக்குது. நெஞ்சு டாக்டர்கிட்டே போகலாம், வா."